புருவத்துக்கு மேலேயும் லைசென்ஸ்

கண்ணு கவின்,

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். உனக்குப் பதினொரு வயதில் இடது காதுக்கு மேலே, ஒரு கால் டாலர் காசு அகலத்துக்கு முடி போய்ப் பளபளவென்று இருந்ததே, அதை எந்தப் பூச்சியும் கடிக்கவில்லை. நான்தான். நாம் திருப்பூரை விட்டு அமெரிக்காவில் இந்த இர்விங்குக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மறுநாள் ஸ்கூலில் போட்டோ எடுக்கிறார்கள் என்று உன்னைப் பாத்ரூமில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, உன் பெரியப்பா கொடுத்திருந்த பழைய கிளிப்பரை எடுத்தேன். முடி எவ்வளவு உயரம் நிற்க வேண்டுமோ அதற்குத் தகுந்த மாதிரி அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் சீப்பை மாட்ட வேண்டும். மாட்டினேன். ஆனால் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, திருப்பூரில் இருக்கும் உன் சித்தியோடு பேசிக்கொண்டே ஓட்டினேன். அவள் தன் நாத்தனாரோடு போட்ட சண்டையை ஒரு வரி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். சண்டை நல்ல கட்டத்தில் இருந்தபோது அந்தச் சீப்பு கழன்று விழுந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. கிளிப்பர் தன் வேலையைப் பார்த்துவிட்டது.

"ஏம்மா நிறுத்திட்ட?" என்று கேட்டாய்.

"ஏதோ பூச்சி கடிச்சிருக்குது சாமி. ஆடாம இரு" என்றேன்.

அந்த ஒரு வரி பட்ட பாடு உனக்குத் தெரியும். உங்கப்பா அன்றைக்கே அபார்ட்மென்ட் ஆபீசுக்கு ஓடினார். அப்போது அவருக்கு இருந்த இங்கிலீஷுக்கு, பூச்சியின் அளவைக் கையால்தான் காட்ட முடிந்தது. கை எவ்வளவு விரிந்ததோ தெரியாது, மறுநாள் காலையிலேயே முதுகில் டேங்க் கட்டிய ஓர் ஆள் வந்து வீடு முழுக்க மருந்து அடித்தான். நாம் மூன்று பேரும் சோறு இருந்த குக்கரை மடியில் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். பிறகு ஸ்கூல் நர்ஸ் சீட்டு எழுதிக் கொடுத்தாள். டாக்டர் ஆயின்ட்மென்ட் கொடுத்தார். காலையும் மாலையும் ஆறு வாரம் நானே தடவினேன். முடி அதன் பாட்டுக்கு வளர்ந்தது. டாக்டருக்குத் தன் மருந்து வேலை செய்துவிட்டது என்று அவ்வளவு சந்தோஷம், அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படி உண்மையைச் சொல்வது? நீயோ அந்தக் கட்டிலில் படுக்க மாட்டேன் என்று பொங்கல் வரைக்கும் ஹால் சோபாவிலேயே தூங்கினாய். இதில் எந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒவ்வொரு தடவையும் பொய் ஒரு சுற்றுப் பெருத்துப்போயிருந்தது, அதைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவீட்டில் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து உன் தலையில் எண்ணெய் வைக்கக்கூட என் கை கூசும். உன்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் வெட்டினோம். உங்கப்பாவுக்கு இன்றைக்கு வரைக்கும் இது தெரியாது. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டாதே.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்: தப்புச் செய்தால் அன்றைக்கே நித்யாவிடம் சொல்லிவிடு. சூடாக இருக்கும்போது சொன்னால் ஒரு திட்டோடு போய்விடும். பதினேழு வருஷம் கழித்துச் சொல்ல வேண்டுமென்றால் என்னைப் போல ஒரு நோட்டையே தீர்க்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால், நான் "கண்ணு" என்று ஆரம்பிப்பதற்குள் நீ "அம்மா, மீட்டிங்" என்கிறாய். காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

நான் உன்னிடம் மறைத்தது பூச்சி மட்டும் இல்லை. அதற்கு முன்னால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் குஜராத்தியம்மா ஹேமா பென் பார்லரில் புருவம் திருத்துகிறேன் என்பது உனக்குத் தெரியும். திருப்பூர் பனியன் கம்பெனியில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தவளுக்கு, இங்கே வந்து நூலாலேயே முடியைப் பிடுங்குகிற வேலை கிடைத்தது. டெக்சஸில் நூல் போட்டுப் புருவம் திருத்துவதற்கு லைசென்ஸ் வேண்டாம். மற்ற எல்லாவற்றுக்கும் வேண்டும். ஆக, புருவம் வரைக்கும் என் ராஜ்யம். நெற்றியைத் தாண்டி முடி ஆரம்பிக்கிற இடத்திலிருந்து கவர்ன்மென்ட்டின் ராஜ்யம். பக்கத்து நாற்காலியில் ஹேமா பென் முடி வெட்டும்போது நான் எட்டு வருஷம் வேடிக்கை பார்த்திருக்கிறேன். யாராவது, "ஆன்ட்டி, அப்படியே முன்னால கொஞ்சம் ட்ரிம் பண்ணிவிடுங்களேன்" என்று கேட்டால், அந்த ஒரு விரற்கடை முடிக்கும் ஹேமா பென்னைத்தான் கூப்பிட வேண்டும்.

அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டால்தான் எனக்கு வேலை ஓடும். அப்படித்தான் கற்றுக்கொண்டேன். பல்லில் நூல் இருந்தால் பேச முடியாது. நினைத்துப் பார், கண்ணு. ஒரு நாளைக்கு இருபது பேர் என் எதிரில் மல்லாந்து படுத்துக்கொண்டு மாமியார் கதை, மேனேஜர் கதை, கிரீன் கார்டு கதை எல்லாம் சொல்கிறார்கள். நான் "ம்", "ம்ம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல முடியாது. என்னைப் போன்ற ஒரு வாயாடிக்கு அது ஜெயில். கத்தரி பிடித்திருந்த ஹேமா பென்னுக்கோ வாய் சும்மாதானே இருந்தது, எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஏன் முடி வெட்டும் லைசென்ஸுக்கு ஆசைப்பட்டேன் என்று யாராவது உன்னைக் கேட்டால், முன்னேற்றம், சொந்தக் கால் என்று எதையாவது அழகாகச் சொல்லி வை. நிஜமான காரணம் இதுதான்.

ஒரு மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் ஹேமா பென் போனில் எதையோ படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். ஆண்களுக்கு முடி வெட்டுகிறவர்களுக்கு ஒன்று, பார்லர்காரர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்த சட்டத்தை ஒன்றாகச் சேர்த்துவிட்டார்களாம். ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் படிக்க வேண்டும் என்றிருந்ததை ஆயிரமாகக் குறைத்துவிட்டார்களாம். சட்டம் மாறிச் சில வருஷம் ஆகிறது, எங்கள் காதுக்கு வந்து சேர அவ்வளவு நாள். "இப்பகூட நீ போகலேன்னா இன்னும் எதைக் குறைக்கணும் உனக்கு?" என்று தனக்குத் தெரிந்த இந்தியும் இங்கிலீஷும் கலந்து கேட்டாள். ஐந்நூறு மணி நேரத்தை எனக்காகத்தான் தள்ளுபடி செய்திருக்கிறார்கள் என்று எனக்கும் தோன்றிவிட்டது. எட்டாவது வரைக்கும் படித்தவளை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று பயந்துகொண்டே அந்த வாரமே போய் பாரத்தை வாங்கினேன். பதினேழு வயது ஆகிவிட்டதா என்று ஒரு கட்டம் இருந்தது. ஆகிவிட்டது என்று டிக் போட்டேன்.

உன்னிடம் சொல்லவில்லை. "இனிமே நீ வேலைக்கே போக வேண்டாம்மா, ஜாலியா இரு" என்று நீ மாதத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தாய். படித்துத் தோற்றுப்போனால் உன் முன்னால் எப்படி நிற்பது என்று எனக்கு வெட்கம். ஒன்றரை வருஷமாக நீ சாயங்காலம் கூப்பிட்டபோதெல்லாம், "கோயில்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்றேனே, அப்போதெல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். "அங்க என்னம்மா இவ்வளவு சத்தம்?" என்று ஒரு நாள் கேட்டாய். பன்னிரண்டு டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. கோயில் ஏசி ரிப்பேர் என்றேன். நீ உடனே கோயிலுக்கு டொனேஷன் அனுப்பிவிட்டாய். சாமி விஷயம், நல்லதுதான், திருப்பிக் கேட்க வேண்டாம்.

வகுப்பில் எல்லாரும் உன்னைவிடச் சின்னப் பெண்கள். டீச்சரம்மா மிஸ் டயான் மட்டும் எனக்கு இரண்டு வயது மூத்தவள். முதல் நாள் நான் நூலைப் பல்லில் கடித்ததைப் பார்த்து, பாம்பைக் கடித்த மாதிரி அலறினாள். கழுத்தில் நூலை மாட்டிக்கொண்டு செய்யச் சொன்னாள். எட்டு வருஷப் பழக்கம், பல் அதன் பாட்டுக்குப் போய்க் கவ்வும். "டூ இட் அகெய்ன், ஹனி" என்பாள். நாற்பது தடவை அகெய்ன், நாற்பது தடவையும் ஹனி. சீப்பைக் கிருமி சாக நீல மருந்துத் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊற வைக்க வேண்டும் என்றாள். எங்கள் ஊரில் நீலம் வெள்ளை வேட்டிக்குத்தான் போடுவோம் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னாள். கழுத்து நூலுக்குப் பழகிய அன்று, எட்டு வருஷம் வாய்க்குள் கிடந்ததையெல்லாம் அவளிடமே பேசித் தீர்த்தேன். அன்று அவள் ஹனி என்று சொல்லவில்லை. "ப்ளீஸ்" என்றாள்.

வீட்டில் பழகுவதற்கு ஒரு பொம்மைத் தலை கொடுத்தார்கள். நல்ல நீளமான கருப்பு முடி. ஒரு நாள் அதற்கு ரோலர் எல்லாம் சுற்றி, காய வேண்டும் என்று டைனிங் டேபிளில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். உங்கப்பா எழுந்து கண்ணாடி போடாமல் வந்து, "ஏம்புள்ள, டீ வெச்சாச்சா?" என்று அதைக் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை. நான் கோபமாக இருக்கிறேன் போல என்று தானே டீ போட்டு, ஒரு டம்ளரை அதன் முன்னாலும் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். இருபத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவர் எனக்குப் போட்ட முதல் டீயை அந்தப் பொம்மைதான் வாங்கிக்கொண்டது. இதிலிருந்து நீ தெரிந்துகொள்ள வேண்டியது, பெண்டாட்டி பேசாமல் இருந்தால் டீ போட்டு முன்னால் வை. அவள் கோபமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

எழுத்துப் பரீட்சையில் முதல் தடவை தோற்றேன். கேள்வியெல்லாம் இங்கிலீஷ். கையால் செய்யச் சொன்னால் செய்துவிடுவேன், செய்வதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்தான் தொண்டையில் நிற்கும். இரண்டாவது தடவைக்கு வேலைப் பெயர், கிருமிப் பெயர் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி, பிரிட்ஜ் கதவு, காரின் டாஷ்போர்டு, உங்கப்பாவின் மருந்து டப்பா என்று எல்லா இடத்திலும் ஒட்டி வைத்தேன். அவர் இன்றைக்கும் எட்டு வகைக் கிருமிப் பெயரைத் தப்பில்லாமல் சொல்வார்.

அந்தப் பரீட்சைக்கு நான்கு நாள் முன்னால்தான் நீ பெண் வீட்டாரோடு எங்களையும் சேர்த்து வீடியோவில் கூப்பிட்டாய். நான் முறுக்குத் தட்டை எடுக்கச் சமையலறைக்குப் போயிருந்தேன். நித்யாவின் அம்மா உன்னிடம், "உங்கம்மா ஒர்க் பண்றாங்களா?" என்று கேட்டார். நீ, "அம்மா ரிட்டயர்டு ஆன்ட்டி" என்றாய். நான் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். நித்யாவின் அம்மா அப்பா இருவரும் பக்கத்து ஊர் பிளேனோவில் டாக்டர்கள், உனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வலித்தது, கண்ணு. ஒரு நாள் முழுக்க வலித்தது. எதிலிருந்து ரிட்டயர்டு ஆனேன் என்று யோசித்துக்கொண்டே அன்று ரசத்துக்கு மூன்று தடவை உப்புப் போட்டேன். உங்கப்பா அதை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் ஊரில் உன் சித்தி, மாமா எல்லாரிடமும் நான் என்ன சொல்லி வைத்திருக்கிறேன் தெரியுமா? பியூட்டி கம்பெனியில் சூப்பர்வைசர். முடியைத் தொடுகிற வேலை என்றால் நம் ஜனம் எப்படி முகத்தைச் சுளிக்கும் என்று நினைத்து எட்டு வருஷத்துக்கு முன்னால் அவிழ்த்துவிட்டது. நானே அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தால் நீ வேறு எப்படிச் சொல்வாய்? ரிட்டயர்டு என்கிற வார்த்தை உன் வாயில் முளைத்தது இல்லை, என்னிடமிருந்து போனது. நம் வீட்டில் உங்கப்பா ஒருவர்தான் யார் கேட்டாலும், "ஓட்டல்ல தோசை சுடறேனுங்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிற ஆள். அவரிடமிருந்து உனக்கு மூக்கு வந்திருக்கிறது, இந்தக் குணம் வரவில்லை. அன்றைக்கே சித்திக்குப் போன் போட்டு நிஜத்தைச் சொன்னேன். அவள், "அட, எனக்கு அப்பவே தெரியுமே அக்கா. சூப்பர்வைசர்னா உன் வெரலு ஏன் அப்படி நூல் அறுத்து இருக்குது?" என்றாள். எட்டு வருஷம் நான் சொல்லும் சூப்பர்வைசர் கதைகளை எல்லாம் கேட்டு உச்சுக்கொட்டியிருக்கிறாள், கள்ளி.

பரீட்சைக்குப் போனேன். பாஸ். கையால் செய்து காட்டும் பரீட்சையும் பாஸ். லைசென்ஸ் வந்த அன்று ஹேமா பென் ஒரு நாற்காலியைத் துடைத்து ஜன்னல் பக்கம் போட்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் அதை மாட்டச் சொன்னாள். மிஸ் டயானே வந்து முன்முடி வெட்டிக்கொண்டு போனாள். முழு நேரமும் நான் பேசினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "ம்", "ம்ம்" என்றாள்.

உன்னிடம் நானே சொல்வதாக இருந்தேன். அதற்குள் உன் மாமனார் மாமியார் கல்யாணச் சாப்பாட்டை ருசி பார்க்க உங்கப்பா ஓட்டலுக்குப் போய்விட்டார்கள். தோசை வைக்கும்போதே உங்கப்பா, "எங்க வீட்டுக்காரம்மா லைசென்ஸ் வாங்கிருச்சுங்" என்று ஆரம்பித்திருக்கிறார். சட்னி வைக்கும்போது ஆயிரம் மணி நேரக் கதை. காபி வருவதற்குள் எட்டுக் கிருமியின் பெயரையும் ஒப்பித்திருக்கிறார். டாக்டர்கள் இரண்டு பேரும் கை தட்டினார்களாம். அன்று சாயங்காலமே நித்யா கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, ஐயாம் கன்ஃப்யூஸ்டு. கவின் நீங்க ரிட்டயர்டுன்னு சொன்னான். அங்கிள் லைசென்ஸ் வாங்கிட்டீங்கன்னு சொல்றார். எது கரெக்ட்?"

"ரெண்டுமேதான் கண்ணு. ரிட்டயர்டு ஆகிப் பாத்தேன், போரடிச்சுது, லைசென்ஸ் வாங்கிட்டேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்போ ரிசப்ஷனுக்கு என் ஹேர் நீங்கதான் பண்றீங்க. ட்ரையலுக்கு எப்போ வரட்டும்?" என்றாள். பின்னாலிருந்து அவள் அம்மா, "எனக்கும் கேளு, எனக்கும் கேளு" என்றது எனக்குக் கேட்டது.

ஆக, உன்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டேன். அந்த ரிட்டயர்டை மட்டும் நீயே உன் வாயால் அவளிடம் சரி செய்துவிடு. பெரிதாக ஒன்றும் ஆகாது, ஒரு சிரிப்பு சிரிப்பாள். நான் உனக்குப் பூச்சிக் கதை சொன்னேன், நீ அவர்களுக்கு ரிட்டயர்டு கதை சொன்னாய், நமக்குள் கணக்குச் சரியாகிவிட்டது.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் நீ இருக்கும் சான் ஹோசேயிலேயே பெரிய கடையில் முடி வெட்டிக்கொண்டு வரப்போவதாக உங்கப்பாவிடம் சொன்னாயாம். வேண்டாம், வெட்டாமல் வா. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என் நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். நித்யாவும் அவள் அம்மா அப்பாவும் அதற்கு அப்புறம்தான் கடைக்கு வருகிறார்கள். கடைக்கு வருகிற எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். அதில் உனக்குச் சங்கடம் இருந்தால் வர வேண்டாம், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன், உன் கல்யாணத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எல்லாரையும் கிண்டல் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் நீ வந்து உட்கார்ந்தால், பதினேழு வருஷம் தொடாமல் விட்ட அந்தத் தலையை ஒரு தடவை ஒழுங்காக வெட்டி அனுப்புவேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்று மிஸ் டயானிடம் சத்தியம் செய்திருக்கிறேன். அவள் நம்பவில்லை. நீ நம்பு.

உனக்கென்று புது கிளிப்பர் ஒன்று வாங்கியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை உன் தலையில்தான் அது முதலில் ஓட வேண்டும் என்பதால் பெட்டியைப் பிரிக்கவில்லை, குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது. அதனால் இன்று காலை உங்கப்பாவுக்கு வெட்டிப் பார்ப்பதற்குப் பெரியப்பா கொடுத்த பழைய கிளிப்பரையே எடுத்தேன். வெட்டிக்கொண்டே அவரிடம், பந்தியில் எந்த ஸ்வீட்டை முதலில் வைப்பது என்பதைப் பற்றி விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு இடது காதுக்கு மேலே பூச்சி கடித்திருக்கிறது. அபார்ட்மென்ட் ஆபீசுக்குப் போயிருக்கிறார். நான் குக்கரை எடுத்துக் காரில் வைத்துவிட்டு வருகிறேன்.